நீண்ட நாள் வேலை செய்யும் மனநல ஊசிகள்: க்ளெய்ம் (இன்சூரன்ஸிடம் பணம் கேட்டு அனுப்பும் பில்) ஏன் திரும்பி வருகிறது? (சஸ்டென்னா, ட்ரின்சா, கான்ஸ்டா, ஹலோபெரிடால்)

புதுகை_கோடர்

எல்லோருக்கும் வணக்கம். டாக்டர் குறிப்பைப் படிச்சு இன்சூரன்ஸ் பில்லுக்கு கோட் போடற வேலை எனக்கு, இதுவரைக்கும் ஆர்த்தோ, ஜெனரல் சர்ஜரி சார்ட்தான் பார்த்துட்டிருந்தேன். இப்போ அமெரிக்காவில் ஒரு மனநல கிளினிக்கோட ப்ராஜெக்டுக்கு மாத்தியிருக்காங்க. முன்னாடி பில்லிங் பார்த்த வெண்டர் விட்டுட்டுப் போன டினையல் (இன்சூரன்ஸ் மறுத்த பில்) எல்லாம் எங்க டீமுக்கு வந்திருக்கு. முக்கால்வாசி நீண்ட நாள் வேலை செய்யற ஆன்டிசைக்காட்டிக் ஊசிகள்.

நாலு விதமா மாட்டிக்கிட்டு நிக்குது. இன்வேகா சஸ்டென்னா 234 மி.கி. முதல் நாள் போட்டது பணம் வந்திருக்கு, ஒரு வாரம் கழிச்சுப் போட்ட 156 மி.கி. சிஓ 151 (இத்தனை அளவுக்கோ, இத்தனை முறைக்கோ ஆதாரம் போதலைங்கற மறுப்பு) ஆகி வந்திருக்கு. அடுத்தது இன்வேகா ட்ரின்சா 546 மி.கி., ஜே2426ல (ஊசி மருந்துக்கான பில்லிங் கோட்) 546 யூனிட், டயக்னோசிஸ் கோட் எஃப்25.0. முழுசா டினை. ரிஸ்பர்டால் கான்ஸ்டா 37.5 மி.கி.க்கு 38 யூனிட் போட்டிருக்காங்க. அது டினை ஆகல, ஆனா வந்த பணம் ரொம்பக் கம்மின்னு கிளினிக் கேக்கறாங்க. கடைசியா ஹலோபெரிடால் டெக்கனோயேட் 150 மி.கி.க்கு 150 யூனிட், அது யூனிட் வரம்பில் அடிபட்டிருக்கு.

ட்ரின்சா கேஸுக்கு எஃப்20.9 (ஸ்கிட்ஸோஃப்ரீனியா)ன்னு மாத்திப் போட்டா க்ளெய்ம் போயிடும்னு பக்கத்து சீட்ல சொல்றாங்க. எனக்கு அதில் மனசு ஒப்பல. ஒரு நோயாளியோட நோட்ல, ஊசி இன்சூரன்ஸுக்காக நிக்குதுன்னு நர்ஸ் எழுதியிருந்ததைப் படிச்சதிலிருந்து இதைச் சரியா கத்துக்கணும்னு இருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

கோவை_ஆடிட்டர்

முதல்ல யூனிட்டை முடிச்சிடுவோம் தம்பி, உங்க நாலில் ரெண்டு அதிலேயே தீர்ந்துடும்.

ஜே கோடுக்குப் பக்கத்தில் இருக்கற விளக்கத்தைக் கடைசி வார்த்தை வரைக்கும் படிக்கணும். மருந்துப் பேரைப் பார்த்ததும் நிறுத்திடறாங்க, யூனிட் அளவு அதுக்கப்புறம்தான் வருது. ஜே2794, அதாவது ரிஸ்பர்டால் கான்ஸ்டா, ஒரு யூனிட் 0.5 மி.கி. அப்போ 37.5 மி.கி.ன்னா 75 யூனிட். 25 மி.கி.ன்னா 50, 50 மி.கி.ன்னா 100. உங்க வெண்டர் ஒரு மில்லிகிராம் ஒரு யூனிட்னு நினைச்சு மேல்நோக்கி முழுமையாக்கி 38 போட்டிருக்காங்க. கிளினிக்குக்குப் பாதிப் பணம்தான் வந்திருக்கும். டினையல் வந்தாலாவது யாராவது பார்ப்பாங்க. இது பணம் வந்த கணக்கில் போய் உட்கார்ந்துக்கும், யாரும் திறக்கவே மாட்டாங்க. கரெக்டட் க்ளெய்ம் அனுப்புங்க. அந்த கிளினிக்கோட பழைய கான்ஸ்டா க்ளெய்ம் எல்லாத்தையும் இதே கண்ணோட இழுத்துப் பாருங்க, ஒண்ணோட நிக்காது.

ஹலோபெரிடால் டெக்கனோயேட் ஜே1631, ஒரு யூனிட் 50 மி.கி. 150 மி.கி.க்கு 3 யூனிட். 150ன்னு போட்டா ஏழாயிரத்து ஐந்நூறு மில்லிகிராம் ஒரே நாளில் குத்தினதா அர்த்தம். அடிபட்டது நல்லதுதான். ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட் ஜே2680, 25 மி.கி. வரைக்கும் ஒரு யூனிட். அதனால 37.5 மி.கி. போட்டா 2.

ரிஸ்பெரிடோன் ஊசியில் இன்னும் கவனம் வேணும். மூலமருந்து ஒண்ணுதான், பிராண்டுக்கு ஒரு கோட். பெர்செரிஸ் ஜே2798, அதுவும் 0.5 மி.கி., 90 மி.கி.க்கு 180 யூனிட். யூஸெடி ஜே2799, அது மட்டும் 1 மி.கி. டாக்டர் நோட்ல வெறும் "ரிஸ்பெரிடோன் எல்ஏஐ" (நீண்ட நாள் ஊசி)ன்னு எழுதியிருந்தா கோட் பண்ணாதீங்க. நர்ஸோட மருந்து நிர்வாகக் குறிப்பில் பிராண்ட் இருக்கும், இல்லைன்னா கிளினிக்குக்குக் கேள்வி அனுப்புங்க.

---

ஜெர்சி_கிளினிக்_பில்லர்

நான் நியூஜெர்சியில் ஒரு மனநல கிளினிக்கில் பில்லிங் பார்க்கிறேன். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். ட்ரின்சா விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. ஒன்று கோட். 2023 ஜூலை 1க்கு முன்பு பாலிபெரிடோன் பால்மிட்டேட் எதுவானாலும் ஜே2426தான். அந்தத் தேதியிலிருந்து ஜே2426 சஸ்டென்னாவுக்கு மட்டும். ட்ரின்சாவும் ஹஃபியேராவும் ஜே2427க்குப் போய்விட்டன. யூனிட் இரண்டிலும் 1 மி.கி.தான், அதனால் 546 என்ற எண் சரி, கோட்தான் தவறு. இதே மாதிரி 2024 ஜனவரி 1 முதல் அபிலிஃபை மெயின்டேனா ஜே0401, இரண்டு மாத ஊசியான அசிம்டுஃபி ஜே0402. பழைய சார்ஜ் மாஸ்டரை (கோட், விலைப் பட்டியலை) புதுப்பிக்காத இடங்களில் அசிம்டுஃபி 960 மி.கி. இன்னமும் ஜே0401ல் போய்க்கொண்டிருக்கும். காலாண்டுக்கு ஒருமுறை சிஎம்எஸ் (மெடிகேரை நடத்தும் மத்திய அரசு அமைப்பு) வெளியிடும் ஹெச்சிபிசிஎஸ் (ஜே கோடுகள் உள்ள பட்டியல்) மாற்றங்களை ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது டயக்னோசிஸ். எஃப்25.0 ஸ்கிட்ஸோஅஃபெக்டிவ், பைபோலார் வகை. சஸ்டென்னாவின் எஃப்டிஏ அனுமதியில் ஸ்கிட்ஸோஃப்ரீனியாவும் இருக்கிறது, ஸ்கிட்ஸோஅஃபெக்டிவும் இருக்கிறது. ட்ரின்சாவுக்கும் ஹஃபியேராவுக்கும் ஸ்கிட்ஸோஃப்ரீனியா மட்டும்தான். இதைக் கவனிக்காமல் விடுவதால்தான் இப்படி நடக்கிறது: நோயாளி எஃப்25.0வுடன் சஸ்டென்னாவில் நன்றாக இருப்பார், எல்லா மாதமும் பணம் வந்திருக்கும், மூன்று மாத ஊசிக்கு மாற்றிய நாளில் கதவு சாத்தப்படும். டாக்டருக்கு அது அதே மருந்து. பேயருக்கு (பணம் தரும் இன்சூரன்ஸுக்கு) அது வேறு அனுமதி.

எஃப்20.9 போடச் சொன்னவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்: டயக்னோசிஸ் டாக்டர் எழுதுவது. பணம் வருவதற்காக அதை மாற்றினால் அரசிடம் பொய் பில் போடுவதைத் தண்டிக்கும் ஃபால்ஸ் க்ளெய்ம்ஸ் சட்டத்துக்குள் போய் நிற்போம். அது கிடக்கட்டும். அந்தக் கோட் அந்த மனிதரின் மருத்துவ வரலாற்றில் ஏறிவிடும். அடுத்த மருத்துவமனை அதைப் படிக்கும். அவருக்கு இல்லாத நோயை நாம் ஒட்டிவைக்க நமக்கு என்ன உரிமை?

சரியான வழி நீளமானதுதான். கோடைத் திருத்தி அனுப்புங்கள். அதோடு டாக்டரிடம் மருத்துவத் தேவைக் கடிதம் கேளுங்கள். சஸ்டென்னா எத்தனை மாதம் போட்டார்கள், எந்த அளவில் நிலைப்பட்டார், அதற்கு முன் எத்தனை முறை மருத்துவமனையில் சேர்ந்தார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ட்ரின்சாவுக்கு மாறுவதற்கு முன் குறைந்தது நான்கு மாதம் சஸ்டென்னாவில் இருந்திருக்க வேண்டும் என்பது லேபிளிலேயே உள்ளது, பேயர் அதைத் தேடுவார். அளவும் பொருந்த வேண்டும்: சஸ்டென்னா 78க்கு 273, 117க்கு 410, 156க்கு 546, 234க்கு 819. உங்கள் நோயாளிக்கு 546 என்றால் கடைசி சஸ்டென்னா 156 ஆக இருந்ததா என்று சார்ட்டில் பாருங்கள். அவ்வளவுக்கும் பிறகு மறுத்தால் டாக்டர் நேரடியாகப் பேயரின் மருத்துவரிடம் பேசக் கேட்கலாம்.

---

இரவுப்பணி_திருச்சி

ஏஆர் காலிங் (வராத பணத்துக்கு இன்சூரன்ஸைப் போன்ல கேக்கற வேலை) பக்கத்திலிருந்து ஒண்ணு சொல்றேன். இந்த ஊசி க்ளெய்ம்ல நான் அதிகமா பார்க்கறது சிஓ 16, கூடவே எம்119. அதாவது என்டிசி (மருந்துப் பெட்டியில் இருக்கற அடையாள எண்) இல்லை, அல்லது தப்பு. மெடிக்கெய்ட்ல (வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) இது இல்லாம நகரவே நகராது. 2005ல வந்த டெஃபிசிட் ரிடக்‌ஷன் சட்டத்துக்கு அப்புறம், மருந்துக் கம்பெனிகிட்ட ரிபேட் வசூலிக்க மாநிலத்துக்கு என்டிசி கட்டாயம் தேவை.

பெட்டியில் இருக்கறது பெரும்பாலும் 10 இலக்கம். க்ளெய்ம்ல 11 இலக்கம், 5-4-2 வடிவம். எந்தப் பகுதி குறையுதோ அந்தப் பகுதிக்கு முன்னாடி சைபர் போடணும், மொத்த எண்ணோட தலையிலோ வாலிலோ போடக்கூடாது. சஸ்டென்னா 234 மி.கி. பெட்டியில் 50458-564-01 இருக்கும். நடுப்பகுதியில் மூணு இலக்கம்தான், அதனால 50458056401. முன்னாடி என்4 சேர்த்து, சிஎம்எஸ் 1500 படிவத்தில் 24ஏ கட்டத்தோட மேல் நிழல் பகுதியில்.

அப்புறம் என்டிசி அளவு. இங்கதான் பாதிப் பேர் ஜே கோட் யூனிட்டையே திரும்ப எழுதறாங்க. சஸ்டென்னா ரெடிமேட் சிரிஞ்ச், திரவம், அதனால எம்எல். 234 மி.கி.ன்னா 1.5 எம்எல், 156ன்னா 1 எம்எல், 117ன்னா 0.75. கான்ஸ்டா பொடியா கிட்ல வருது, கலக்கிப் போடறது. அது யூஎன் 1, அதாவது எண்ணிக்கையில் ஒண்ணு. ஆக ஒரே க்ளெய்ம் வரியில் ஜே2426க்கு 234, என்டிசிக்கு எம்எல் 1.5. ரெண்டும் ஒரே ஊசியைத்தான் சொல்லுது.

போன்ல கேட்கும்போது "ஏன் டினை ஆச்சு"ன்னு மட்டும் கேட்டு வைக்காதீங்க. அவங்க சிஸ்டத்தில் என்ன என்டிசி, என்ன அளவு, என்ன யூனிட் ஏறியிருக்குன்னு வாசிக்கச் சொல்லுங்க. க்ளியரிங் ஹவுஸ்ல (க்ளெய்மை பேயருக்குக் கடத்தற இடைத்தளம்) தசமப் புள்ளி தொலைஞ்சு 1.5 போய் 15 ஆனதை நான் பார்த்திருக்கேன்.

---

புதுகை_கோடர்

ரொம்ப நன்றி. கான்ஸ்டாவும் ஹலோபெரிடாலும் திருத்தி அனுப்பறேன். ட்ரின்சாவுக்கு டாக்டர் கடிதம் கேட்டிருக்கோம். எஃப்20.9 பேச்சை லீடுகிட்ட எடுத்துட்டுப் போனேன், அவரும் கூடாதுன்னுட்டார்.

அந்த 156 மி.கி. இன்னும் புரியல. கோட் சரி, யூனிட் சரி, டயக்னோசிஸ் எஃப்20.0, அதுவும் ஸ்கிட்ஸோஃப்ரீனியாதான், சஸ்டென்னாவுக்குப் பொருந்துது. என்டிசியும் ஏறியிருக்கு. ஏன் 151?

---

ஜெர்சி_கிளினிக்_பில்லர்

இதுதான் என்னை அதிகம் வருத்துகிற டினையல்.

சஸ்டென்னா ஆரம்பிக்கும்போது முதல் நாள் 234, எட்டாம் நாள் 156, இரண்டுமே தோள்பட்டைத் தசையில். பிறகுதான் மாதத்துக்கு ஒன்று. முதல் மாதாந்திர ஊசி, ஆரம்ப ஊசியிலிருந்து ஐந்தாவது வாரத்தில். பேயரின் சிஸ்டத்தில் "மாதம் ஒரு சிரிஞ்ச்" என்றோ "28 நாளுக்கு 234 யூனிட்" என்றோ வரம்பு போட்டிருப்பார்கள். முதல் வாரத்திலேயே 390 யூனிட் ஆகிவிடுகிறது. இரண்டாவது ஊசி "சீக்கிரமாக வந்தது" என்று விழுகிறது. ப்ரையர் ஆத் (ஊசிக்கு முன்பே பேயரிடம் வாங்கும் அனுமதி) வாங்கியவர் வெறுமனே "சஸ்டென்னா, மாதம் ஒன்று" என்று வாங்கியிருப்பார். தொடக்க அளவுகளைத் தனி வரியாக, தேதிகளோடு, இரண்டு ஊசி, 390 யூனிட் என்று எழுதி வாங்கியிருந்தால் இது வந்திருக்காது. இப்போது அப்பீலில் லேபிளின் தொடக்க அளவுப் பக்கத்தையும், இரண்டு நாள் நர்ஸ் குறிப்பையும் இணையுங்கள். ஊசி எந்தத் தோளில், லாட் எண், காலாவதித் தேதி எல்லாம் குறிப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் கேஸில் ஊசி போட்ட பிறகு பணம் மறுக்கப்பட்டது, கிளினிக்குக்கு நஷ்டம். அதைவிட மோசமானது, இந்த டினையலைப் பார்த்துப் பயந்து அடுத்த நோயாளிக்கு இரண்டாவது ஊசியை கிளினிக் நிறுத்திவைப்பது. ஒரு சிரிஞ்ச் ஆயிரக்கணக்கான டாலர், கிளினிக் தன் கைக்காசில் வாங்கி வைப்பது, பயப்படத்தான் செய்வார்கள். ஆனால் அந்த இரண்டாவது ஊசிக்கு முன்னும் பின்னும் நான்கு நாள்தான் அவகாசம். முதல் ஊசியிலிருந்து நான்கு வாரம் தாண்டிவிட்டால் 156 மி.கி. இரண்டு முறை, ஒரு வார இடைவெளியில் போட வேண்டும். ஏழு வாரம் தாண்டினால் மறுபடி 234, 156 என்று முதலிலிருந்து. நாம் ஆத் எழுதும்போது விட்ட ஒரு வரிக்காக, குரல்கள் கேட்கிற ஒரு மனிதர் மருந்து முழுசாக உடம்பில் ஏறாமல் வாரக்கணக்கில் இருக்கிறார்.

---

டெக்சாஸ்_அக்கா

நான் கோடர் இல்லை. என் தம்பி இங்கே டெக்சாஸில் என்னோடு இருக்கிறான். மாத ஊசி போட ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறோம். ஜனவரியில் இன்சூரன்ஸ் மாறியது. "பழைய ஆத் செல்லாது, புதிது வரும்வரை ஊசி இல்லை" என்று கிளினிக் சொல்லிவிட்டது. ஊசி வரும்வரை நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். மேலே எழுதியதைப் படித்ததும் அழுதுவிட்டேன். எங்களைப் போன்ற குடும்பம் முன்கூட்டியே என்ன செய்ய முடியும்?

---

ஜெர்சி_கிளினிக்_பில்லர்

அக்கா, இது உங்கள் தவறே இல்லை. ஆத் என்பது திட்டத்தோடு கட்டப்பட்டது, ஆள் மாறாவிட்டாலும் திட்டம் மாறினால் அது போய்விடும். டிசம்பரிலேயே புது அட்டை எண் கையில் வந்ததும் கிளினிக்கின் பில்லிங் பிரிவில் கொடுத்து, கடைசி ஊசித் தேதி, அடுத்த ஊசித் தேதி இரண்டையும் சொல்லி, அவசர ஆத் கேட்கச் சொல்லுங்கள். "ஏற்கெனவே நிலைப்பட்டவர், தொடர் சிகிச்சை" என்ற சொற்கள் அந்த விண்ணப்பத்தில் இருக்கட்டும். புதிதாகத் தொடங்குகிறவர் என்று போனால் முதலில் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள்.

மெடிகேர் (முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு இன்சூரன்ஸ்) பார்ட் டி என்றால் ஒரு பாதுகாப்பு உண்டு. ஆன்டிசைக்காட்டிக் மருந்துகள் அங்கே ஆறு பாதுகாக்கப்பட்ட வகைகளில் ஒன்று, புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 90 நாளுக்குள் ஒரு மாத மருந்தை இடைக்கால ஏற்பாடாகக் கொடுக்க வேண்டும். ஆனால் கிளினிக் வாங்கிப் போடும் ஊசி பார்ட் பி பக்கம் போகும், பார்மசியிலிருந்து வந்தால் பார்ட் டி. உங்கள் தம்பியின் ஊசி எந்த வழியில் வருகிறது என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆத் எங்கே கேட்க வேண்டும் என்பது அதை வைத்துத்தான்.

---

பெருங்குடி_டீம்லீட்

பார்மசி வழி பற்றி ஒரு வார்த்தை. ஸ்பெஷாலிட்டி பார்மசி நோயாளி பேரில் அனுப்பின ஊசின்னா மருந்துக்குப் பணம் பார்மசி வாங்கிடும். கிளினிக் 96372 (ஊசி போட்டதுக்கான கட்டணம்) மட்டும்தான் போடணும். ஆனா நான் பார்த்தவரை ஜே கோடையும் ஒரு சென்ட் சார்ஜோட போடறதுதான் பாதுகாப்பு. இல்லைன்னா எந்த மருந்துக்கு ஊசிக் கட்டணம்னு 96372 டினை ஆகுது.

---

கோவை_ஆடிட்டர்

இதில் நான் மாறுபடறேன் சார். எல்லா பேயருக்கும் ஒரு சென்ட் வரின்னு பழக்கினா, ஒருநாள் யாராவது சார்ஜ் கட்டத்தில் வழக்கமான தொகையை விட்டுடுவாங்க, ஒரே சிரிஞ்சுக்கு பார்மசியும் கிளினிக்கும் பணம் வாங்கினதா ஆகிடும். ஆடிட்ல அது இரட்டை பில்லிங். எந்த பேயர் அந்த வரியைக் கேக்கறாங்களோ அவங்களுக்கு மட்டும் போடணும், மத்தவங்களுக்கு 96372 தனியா, மருந்துப் பேரும் என்டிசியும் நோட்ல.

---

பெருங்குடி_டீம்லீட்

பேயர் வாரியா பிரிக்கறது சரிதான், ஆனா ஆள் மாறிட்டே இருக்கற டீம்ல அது நிக்காது. சிஸ்டத்திலேயே மருந்து எங்கிருந்து வந்ததுன்னு ஒரு குறி வச்சு, பார்மசின்னா சார்ஜ் தானா மாறற மாதிரி செஞ்சா ஒத்துக்கறேன்.

---

கோவை_ஆடிட்டர்

அதுக்கு எனக்கும் சம்மதம்.

---

புதுகை_கோடர்

96372 பேச்சு வந்ததால் கேக்கறேன். நர்ஸ் மட்டும் பார்த்து ஊசி போட்ட நாளில் 99211 (நர்ஸ் பார்த்த சின்ன விசிட் கோட்) சேர்த்துப் போட்டிருக்காங்க. விடலாமா?

---

கோவை_ஆடிட்டர்

விடாதீங்க. 96372 கூட 99211 போகாது. டாக்டர் தனியா, குறிப்பிடத்தக்க அளவில் பரிசோதனை செஞ்சு 99213, 99214 (டாக்டர் விசிட் கோட்) எழுதியிருந்தா மாடிஃபையர் 25 (அதே நாளில் தனிப் பரிசோதனைங்கற குறி) போட்டு சேர்த்து அனுப்பலாம். "ஊசிக்கு வந்தார், போட்டோம், நன்றாக இருக்கிறார்"ங்கற குறிப்பு அதுக்குப் போதாது. அரிஸ்டாடாவும் அரிஸ்டாடா இனிஷியோவும் ஒரே நாளில் ரெண்டு தசையில் போட்டிருந்தா ரெண்டு ஊசிக் கட்டணம் உண்டு. ஜே1944, ஜே1943 தனித்தனி வரி, ரெண்டாவது 96372க்கு மாடிஃபையர் 59 (இது தனி ஊசிங்கற குறி).

---

இரவுப்பணி_திருச்சி

மெடிகேர்ல ஜேடபிள்யூ (மிச்சத்தைக் கொட்டினோம்), ஜேஇசட் (மிச்சமே இல்லை) மாடிஃபையர் பத்தி யாரும் சொல்லலையே? 2023 ஜூலை 1ல இருந்து, ஒருமுறை மட்டும் பயன்படுத்தற சிரிஞ்ச் அல்லது வயல்ல (மருந்துக் குப்பி) மிச்சமே இல்லைன்னா ஜேஇசட் கட்டாயம். அதே வருஷம் அக்டோபர்லேருந்து இல்லாம போனா திருப்பிடறாங்க. சஸ்டென்னா மாதிரி முழு சிரிஞ்சும் போடறதுக்கு எப்பவும் ஜேஇசட்தான்.

மிச்சம் வர்ற உண்மையான கேஸ் மெயின்டேனா. இன்னொரு மருந்து கல்லீரல் நொதியைத் தடுக்கறதால டாக்டர் 200 மி.கி.க்குக் குறைப்பார். 200க்குன்னு தனிப் பேக் கிடையாது, 300 மி.கி. வயல்லேருந்து எடுக்கணும். ஜே0401 ஒரு வரி 200 யூனிட், அடுத்த வரி ஜே0401 ஜேடபிள்யூ 100 யூனிட். கொட்டின அளவை நர்ஸ் நோட்ல எழுதியிருந்தாதான் ரெண்டாவது வரி நிக்கும்.

---

புதுகை_கோடர்

அப்போ என்னோட ஹலோபெரிடால் 150 மி.கி.க்கும் ஜேஇசட் போடணுமா? அது மெடிகேர் நோயாளிதான்.

---

இரவுப்பணி_திருச்சி

எதிலிருந்து எடுத்தாங்கன்னு பாருங்க. ஹலோபெரிடால் டெக்கனோயேட் 5 எம்எல் பலமுறை வயலாகவும் வருது, 1 எம்எல் ஒருமுறை வயலாகவும் வருது. பலமுறை வயல்னா ரெண்டு மாடிஃபையரும் கிடையாது. ஒருமுறை வயல்னா ஜேஇசட் அல்லது ஜேடபிள்யூ. என்டிசியை வச்சே கண்டுபிடிச்சிடலாம், நோட்ல இல்லைன்னா கிளினிக்குக்கு மெயில் போடுங்க. திருத்தி அனுப்பறதுக்கு முன்னாடி சர்வீஸ் தேதியையும் பாருங்க, மெடிகேர்ல ஒரு வருஷம்தான் கெடு. பழைய வெண்டர் குவியல்னா அதில் எது முதல்ல காலாவதி ஆகுதோ அதை முதல்ல எடுங்க.